‘சும்மா ஒரு பெட்’ போடுறீங்களா? போக்கரில் பட்டனை அழுத்தும் முன் யோசிக்க வேண்டியவை!

உங்கள் கையில் ஓர் ஆஸ், ஒரு பத்து. திரையில் மூன்று சீட்டுகள் விழுந்திருக்கின்றன. எதிராளி ‘செக்’ சொல்லிவிட்டார். டைமர் பதினைந்திலிருந்து இறங்குகிறது. பன்னிரண்டு... எட்டு... ஐந்து... கட்டைவிரல் தானாகப் போய் ‘பெட்’ பட்டனை அழுத்திவிடுகிறது. “ஏன் மச்சி போட்ட?” என்று பக்கத்தில் இருக்கும் நண்பர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? “சும்மாதான்... போட்டுப் பார்ப்போமேன்னு!”

இந்த ‘சும்மா’வில்தான் சிப்புகள் கரைகின்றன. போக்கரில் நல்ல சீட்டு வருவது உங்கள் கையில் இல்லை. ஆனால், எப்போது போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது கீழே வைப்பது என்ற மூன்றும் முழுக்க உங்கள் கையில்தான். அந்த மூன்றையும் கொஞ்சம் முன்கூட்டியே யோசித்துச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது?

விளையாட்டுக்குள் போவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திவிடுவோம். தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்திருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ‘இவை இரண்டும் திறமை சார்ந்த ஆட்டங்கள்’ என்று சொல்லி அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025-ன் தொடக்கத்தில், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. அவற்றை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த சில மாதங்களில் காட்சி மொத்தமாக மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை, அது திறமையா அதிர்ஷ்டமா என்றெல்லாம் பார்க்காமல் நாடு முழுக்கத் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். அதனால், இந்தக் கட்டுரையில் ‘பெட்’ என்று வரும் இடமெல்லாம், காசாக மாற்ற முடியாத இலவச சிப்புகளைத்தான் குறிக்கும். ‘வெளிநாட்டு சைட்டு பாஸ், ஒண்ணும் ஆகாது’ என்று டெலிகிராமில் யாராவது லிங்க் அனுப்பினால், அதைத் தொடாமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தில் நீங்கள் எடுக்கும் முதல் நல்ல முடிவு.

ஒரு நிமிடத்தில் ஆட்டம்

அதிகம் ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதை நீங்கள் மட்டும்தான் பார்க்க முடியும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் வரும். முதலில் மூன்று, அதன் பெயர் ஃபிளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். உங்கள் இரண்டு, பொதுவான ஐந்து என மொத்தம் ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டு போட்டவுடன் ஒன்று, அப்புறம் ஃபிளாப், டர்ன், ரிவர் என நான்கு சுற்று பந்தயம். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஒதுங்கலாம் (ஃபோல்டு), சும்மா தட்டிவிடலாம் (செக்), எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடலாம் (கால்), ஏற்றலாம் (ரெய்ஸ்). நடுவில் சேரும் மொத்தச் சிப்புக்குப் பெயர் ‘பாட்’. ஜெயிக்க இரண்டு வழி. ஒன்று, கடைசியில் உங்கள் சீட்டு பெரியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால், மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட வேண்டும். இந்த இரண்டாவது வழி இருப்பதால்தான் போக்கர், ரம்மியிலிருந்து வேறு மாதிரியான ஆட்டமாகிறது.

பெட்டுக்கு இரண்டே காரணம்தான்!

நன்றாக யோசித்துப் பார்த்தால், ஒரு பெட் போடுவதால் நடக்கக்கூடியவை இரண்டே. எதிராளி உள்ளே வருவார், அல்லது வெளியே போவார். ஆகவே உங்கள் பெட்டுக்கும் அடிப்படையில் இரண்டு காரணம்தான் இருக்க முடியும்.

முதல் காரணம், மதிப்புக்காக. ‘என்னிடம் இருப்பதைவிட மோசமான சீட்டை வைத்துக்கொண்டு அவர் கால் பண்ணுவார்’ என்று நீங்கள் நம்புகிறீர்கள். ஆஸ் ஜோடி வைத்திருக்கிறீர்கள், எதிராளி ராஜா ஜோடியை விட மனசில்லாமல் சிப்பு போடுவார். இது ‘வேல்யூ பெட்’.

இரண்டாவது காரணம், விரட்டுவதற்காக. ‘என்னைவிட நல்ல சீட்டை அவர் கீழே வைப்பார்’ என்று நம்புகிறீர்கள். இது ‘பிளஃப்’.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு உங்கள் கை சின்னதுதான். ஆனால், அடுத்த சீட்டு வந்தால் பெரிதாகலாம். போடுகிறீர்கள். எதிராளி ஒதுங்கினால் இப்போதே லாபம். ஒதுங்காவிட்டாலும் அடுத்த சீட்டில் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. இதுதான் ‘செமி பிளஃப்’. வெறும் பிளஃபைவிட இது பாதுகாப்பானது. கையில் ஒன்றுமே இல்லாமல் உதார் விடுவதற்கும், கொஞ்சம் சரக்கு வைத்துக்கொண்டு உதார் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

இந்தக் காரணங்களில் எதிலும் அடங்காத பெட்தான் ‘சும்மா’ பெட். பலரும் மாட்டுவது இந்த இடத்தில்தான்: கையில் நடுத்தரமான ஒரு ஜோடி. பெரிதாகப் போடுகிறார்கள். சின்ன சீட்டு வைத்திருப்பவரெல்லாம் ஓடிவிடுவார். பெரிய சீட்டு வைத்திருப்பவர் மட்டும் சந்தோஷமாக உள்ளே வருவார். அதாவது, ஜெயித்தால் கொஞ்சம், தோற்றால் நிறைய. மோசமான கை கால் பண்ணாது, நல்ல கை ஒதுங்காது என்றால் பெரும்பாலும் ‘செக்’தான் சரியான பட்டன்.

போடுவதற்கு முன் மூன்று கேள்விகள்

பெட் பட்டனில் விரலை வைக்கும்போது இந்த மூன்றையும் மனசுக்குள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: எந்தச் சீட்டு வைத்திருப்பவர் இதற்குக் கால் பண்ணுவார்? அவற்றில் எத்தனையை நான் ஜெயிப்பேன்?

இரண்டு: அவர் திருப்பி ரெய்ஸ் பண்ணினால் என்ன செய்வேன்? இதற்குப் பதில் இல்லாமல் போடுகிற பெட், பிரேக் சரிபார்க்காமல் எடுத்த பைக் மாதிரி. ரெய்ஸ் வந்த பிறகு யோசித்தால், டைமர் ஓடும் பதற்றத்தில் முடிவு தப்பாகத்தான் வரும்.

மூன்று: அவர் கால் பண்ணிவிட்டால், அடுத்து எந்தச் சீட்டு எனக்கு நல்லது, எது கெட்டது? எது வந்தால் தொடர்ந்து அடிப்பேன், எது வந்தால் நிறுத்துவேன்?

மூன்றாவது கேள்விதான் புதியவரையும் அனுபவசாலியையும் பிரிப்பது. புதியவர் ஒவ்வொரு சுற்றையும் தனி ஆட்டமாகப் பார்ப்பார். அனுபவசாலிக்கு நான்கு சுற்றும் சேர்ந்து ஒரே கதை. முதல் வரியிலேயே கிளைமாக்ஸை யோசித்துவிட்டுத்தான் தொடங்குவார்.

ஒரு கணக்காளர் சொன்ன ‘கதை’

2003, லாஸ் வேகாஸ். உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!) என்ற 27 வயதுக் கணக்காளர், 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து அங்கே வந்திருந்தார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் கடைசி இருவரில் ஒருவர் இவர். எதிரில் சாமி ஃபார்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரர்.

அந்த ஒரு கையைக் கவனியுங்கள். மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃபார்ஹாவிடம் ஸ்பேட் ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். ஃபிளாப்பில் ஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, ஸ்பேட் ஆறு. ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது, மணிமேக்கருக்கு ஒன்றும் இல்லை. டர்னில் ஸ்பேட் எட்டு விழுகிறது.

இப்போது மணிமேக்கருக்கு இரண்டு வழி திறக்கிறது. இன்னொரு ஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஃபிளஷ். ஐந்தோ பத்தோ வந்தால் வரிசையாக ஐந்து, ஸ்ட்ரெய்ட். ஃபார்ஹா பெட் போட, மணிமேக்கர் ரெய்ஸ் பண்ணுகிறார். அவர் பார்வையில், உதவக்கூடிய சீட்டுகள் 15. ஒன்பது ஸ்பேட், அவை போக மூன்று ஐந்து, மூன்று பத்து. அவர் பார்க்காத சீட்டுகள் 46. ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. சுத்தமான செமி பிளஃப்! அதோடு, மூன்றாவது ஸ்பேட் விழுந்தவுடன் ரெய்ஸ் பண்ணுவதால், ‘எனக்கு ஃபிளஷ் அடிச்சிருச்சு’ என்ற கதையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஃபார்ஹா கால் பண்ணுகிறார். ரிவரில் ஆர்ட்டின் மூன்று. மணிமேக்கருக்கு எதுவும் சேரவில்லை. ஆனால், டர்னில் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லையே? ஃபார்ஹா செக் சொன்னவுடன், கையில் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டார். ஃபார்ஹா நீண்ட நேரம் யோசித்து, ஜெயித்திருக்க வேண்டிய ஜோடியைக் கீழே வைத்தார். அன்று மணிமேக்கர் கொண்டுபோன பரிசு 25 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர்!

இதைப் படித்துவிட்டு ‘தைரியமா ஆல் இன் போட்டா ஜெயிச்சிரலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ரிவர் பெட் வேலை செய்ததற்குக் காரணம், டர்னில் போட்ட ரெய்ஸ் அதோடு பொருந்தியதுதான். டர்னில் சும்மா கால் பண்ணியிருந்தால், ரிவரில் சம்பந்தமே இல்லாத ஒரு மூன்று வந்தபோது திடீரென்று எல்லாவற்றையும் தள்ளுவதை நம்புவது ஃபார்ஹாவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

மளிகைக் கடைக் கணக்கு போதும்

போக்கர் கணக்குக்கு இன்ஜினீயரிங் படித்திருக்கத் தேவையில்லை. மூன்று சின்னக் கணக்குகள் போதும்.

4, 2 விதி: உங்கள் கையைப் பெரிதாக்கக்கூடிய சீட்டுகளை எண்ணுங்கள். இவற்றுக்கு ‘அவுட்’ என்று பெயர். ஃபிளாப்பில் நின்றால் 4-ஆல் பெருக்குங்கள், டர்னில் நின்றால் 2-ஆல். ஒரே இனத்தில் நான்கு சீட்டு வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்குக் காத்திருந்தால், 9 அவுட். ஃபிளாப்பில் சுமார் 36 சதவிகிதம் (துல்லியமாக 35), டர்னில் சுமார் 18 (துல்லியமாக 19.6).

விலை: பாட்டில் 600 சிப்பு. எதிராளி 300 போடுகிறார். நீங்கள் 300 போட்டால் மொத்தம் 1,200. அதில் உங்கள் பங்கு கால்வாசி. அதனால், 25 சதவிகிதத்துக்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் அந்த விலை கட்டுபடியாகும். டர்னில் 9 அவுட் என்றால் 20-க்குக் கொஞ்சம் கீழே. சீட்டு சேர்ந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் நிறைய வாங்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், ஒதுங்குவதே நல்லது.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஃபிளாப்பில் ‘35 சதவிகிதம் இருக்கே’ என்று கால் பண்ணிவிடுவோம். ஆனால், அந்த 35 என்பது டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால்தான். டர்னில் எதிராளி இன்னொரு பெரிய பெட் போட்டால், இரண்டாவது சீட்டுக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டும். முன்கூட்டி யோசிப்பது என்றால் அந்த இரண்டாவது பில்லையும் இப்போதே எதிர்பார்ப்பதுதான்.

பிளஃப் கணக்கு: பாட்டில் 600 இருக்கிறது, நீங்கள் 300 போட்டு விரட்டப் பார்க்கிறீர்கள். 600 கிடைப்பதற்காக 300-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மூன்று முறைக்கு ஒரு முறை எதிராளி ஒதுங்கினாலே நட்டமில்லை. அதே இடத்தில் 600 போட்டால், இரண்டுக்கு ஒரு முறை ஒதுங்க வேண்டும். பெரிய பெட் பயமுறுத்தும், உண்மைதான். ஆனால் அடிக்கடி வேலை செய்தால்தான் கட்டும்.

பாட் எப்படி வீங்குது பாருங்க

முன்யோசனை ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ஃபிளாப்பில் பாட் 100. நீங்களும் எதிராளியும் மட்டும் மேஜையில். மூன்று சுற்றிலும் பாட்டில் பாதியைப் போடுகிறீர்கள், அவர் கால் பண்ணிக்கொண்டே வருகிறார். பாட் 100, 200, 400, கடைசியில் 800. உங்கள் கையிலிருந்து போனது 350.

அதே மூன்று சுற்றிலும் முழு பாட்டையும் போட்டால்? 100, 300, 900, கடைசியில் 2,700. உங்கள் கையிலிருந்து போனது 1,300. முதல் பெட்டில் வித்தியாசம் வெறும் 50 சிப்புதான். ரிவரில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்காக வந்து நிற்கிறது!

ஆகவே ஃபிளாப்பில் எவ்வளவு போடுவது என்று முடிவெடுக்கும்போதே, ‘கடைசியில் எவ்வளவு பெரிய பாட்டுக்கு ஆட என் சீட்டு தகுதியானது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கைக்குப் பெரிய பாட், சின்ன கைக்குச் சின்ன பாட். நடுத்தர ஜோடியை வைத்துக்கொண்டு 2,700 பாட்டில் போய் நிற்பவர், ஃபிளாப்பிலேயே தோற்றுவிட்டவர்.

எதிராளியின் கையில் ‘ஒரு’ சீட்டு இல்லை

‘அவன்கிட்ட கண்டிப்பா ஆஸ் ஜோடிதான்’ என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதங்களில் வரலாம். அதில் ஆஸ் ஜோடி வெறும் 6. அதாவது 221 முறைக்கு ஒரு முறை. ஓர் ஆஸும் ஒரு ராஜாவும் வரும் விதங்கள் 16. ஆகவே, ‘ஆஸ் ஜோடி அல்லது ஆஸ் ராஜா’ என்று சந்தேகம் வந்தால், மேஜையில் வேறு தடயம் இல்லாதவரை, இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

அனுபவசாலிகள் எதிராளியின் கையை ஒரு பட்டியலாகத்தான் யோசிப்பார்கள். அதற்கு ‘ரேஞ்ச்’ என்று பெயர். முதல் சுற்றில் பட்டியல் நீளமாக இருக்கும். அவர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் சில பெயர்களை அடித்துக்கொண்டே வர வேண்டும். ‘இவ்வளவு நல்ல சீட்டு இருந்தா முதல்லயே ஏத்தியிருப்பாரே?’ என்ற ஒரு கேள்வியே பட்டியலில் பாதியைக் காலி பண்ணிவிடும்.

இதற்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமும் உதவும். டீலர் பட்டன் உங்களிடம் இருந்தால், ஃபிளாப்புக்குப் பிறகு எல்லோரும் முடிவெடுத்த பின்தான் உங்கள் முறை. தகவல் இலவசமாக வருகிறது. அதனால் கடைசி இடத்தில் கொஞ்சம் அதிகக் கைகளை ஆடலாம், முதல் இடத்தில் நல்ல கைகளை மட்டும் ஆட வேண்டும்.

திரைக்குப் பின்னால் யார்?

2017 ஜனவரி. பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கேசினோ. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய ‘லிப்ரேட்டஸ்’ என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள்களில் 1,20,000 கைகள் ஆடியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக அதோடு மோதினார்கள். முடிவில் 17 லட்சம் டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள சிப்புகளை நிரல் ஜெயித்திருந்தது.

நிரலுக்குப் பதற்றம் கிடையாது, ஆனாலும் அது பிளஃப் பண்ணியது. கணக்குப்படி இந்தக் கைகளில் இத்தனை முறை பொய் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவைத்துச் சொன்னது. பகலில் மனிதர்கள் அதன் ஓட்டையைக் கண்டுபிடித்தால், இரவில் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு மறுநாள் வந்தது. ஆன்லைன் மேஜையில் ‘கிங்123’ என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு கல்லூரி மாணவரா, முழுநேர ஆட்டக்காரரா, நிரலா என்பது உங்களுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நல்ல முடிவு வேற, நல்ல ரிசல்ட் வேற

ஆஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் முதல் சுற்றிலேயே எல்லாச் சிப்பும் நடுவில் போனால், ஆஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82 சதவிகிதம். அப்படியென்றால் ஐந்தாறு முறைக்கு ஒரு முறை தோற்கும். தோற்ற அன்று நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. அதேபோல, மோசமான கையில் கண்ணை மூடிக்கொண்டு கால் பண்ணி, ரிவரில் அதிசயமாக ஜெயித்த அன்று நீங்கள் எதுவும் சரியாகச் செய்யவில்லை!

முடிவை ரிசல்ட்டை வைத்து எடைபோடுவதுதான் ஆட்டக்காரரின் பெரிய எதிரி. அது கூட்டிவரும் அடுத்த ஆபத்துக்குப் பெயர் ‘டில்ட்’. தோற்ற கோபத்தில், ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்ற வெறியில் ஆடுவது. நேரடி மேஜையில் மணிக்கு சுமார் 25, 30 கைகள்தான் போகும். சீட்டைக் கலைத்துப் போடும் நேரத்தில் கோபமும் கொஞ்சம் ஆறும். போனில் ஒரே மேஜையில் 60-ஐத் தாண்டும், அடுத்த கை இரண்டு விநாடியில் வந்துவிடும். அதனால் மேஜையில் உட்காரும் முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை நிமிடம், இத்தனை சிப்பு. இரண்டில் எது முதலில் முடிந்தாலும் ஆப்பை மூடிவிட வேண்டும். அந்த விதியைத் தோற்றுக்கொண்டிருக்கும்போது போட முடியாது.

நாலு ஃப்ரெண்ட்ஸ், நாலாயிரம் ரூபாய்

இவ்வளவு நன்றாக யோசித்து ஆடினால் காசு பார்க்கலாமே என்று ஒரு எண்ணம் ஓடுகிறதா? இதே கணக்கை ஆப்பின் மேலேயே போட்டுப் பார்ப்போம்.

ஒரே அளவு திறமையுள்ள நான்கு நண்பர்கள் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 4,000. ஒவ்வொரு கையிலும் சராசரி பாட் 200 ரூபாய், நடத்துபவர் அதில் 5 சதவிகிதம் எடுத்துக்கொள்கிறார் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கைக்கு 10 ரூபாய். 400 கைகள் ஆடி முடித்தால் 10 × 400 = 4,000. ஒருவர் இன்னொருவரிடம் தோற்கவே தேவையில்லை, நால்வர் பணமும் மேஜையிலிருந்து காணாமல்போயிருக்கும். மணிக்கு 60 கை என்றால், இதற்கு ஏழு மணி நேரம்கூட ஆகாது!

அந்த மேஜையில் தொடர்ந்து ஜெயிக்க வேண்டுமென்றால், எதிரில் இருப்பவரைவிட நன்றாக ஆடினால் மட்டும் போதாது. இந்தக் கழிவையும் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். ‘கிங்123’ யாரென்றே தெரியாத இடத்தில்! தமிழ்நாட்டில் ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தை இழந்து, கடன் ஆப்பில் மாட்டி, உயிரையே விட்டவர்களின் செய்திகளை நாம் தொடர்ந்து படித்திருக்கிறோம். ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022-ல் அரசு குழு அமைத்ததும் அதற்குப் பிறகுதான். அந்த வீடுகளில் யாரும் முதல் நாளே லட்சம் ரூபாய் போட்டிருக்க மாட்டார்கள். பாட் வீங்கிய கணக்கு ஞாபகம் இருக்கிறதா? முதல் பெட் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

அந்த மூன்று கேள்விகளையே இங்கேயும் கேளுங்கள். இந்தப் பணத்தை நான் ஏன் போடுகிறேன்? தோற்றால் அடுத்து என்ன செய்வேன்? எது நடந்தால் நிறுத்துவேன்? ஒன்றுக்காவது பதில் ‘தெரியல’ என்றால், ஃபோல்டு!

எப்படிப் பழகலாம்?

இலவச சிப்பு மேஜையில் ஒரு தொல்லை உண்டு. போவது காசு இல்லை என்பதால், எல்லோரும் எல்லாவற்றுக்கும் கால் பண்ணுவார்கள். அங்கே பிளஃப் பண்ணிப் பயனில்லை. நல்ல கை வந்தால் பெரிதாகப் போடுங்கள், இல்லையென்றால் ஒதுங்குங்கள். வேல்யூ பெட்டைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து, ஒரு நாளைக்கு ஐந்து கைகளை மட்டும் எழுதுங்கள். என்ன சீட்டு, எவ்வளவு போட்டேன், ஏன் போட்டேன், ரெய்ஸ் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன். ஜெயித்தேனா தோற்றேனா என்பதை எழுதவே வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் படித்தால் எத்தனை இடத்தில் ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடினால், புளியங்கொட்டையையோ சோழியையோ சிப்பாக வைத்து ஆடிப் பாருங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரியும்!

ஆட்டம் உங்களை ஆட்டிவைக்கிறது, நிறுத்த முடியவில்லை, கடன் ஏறிவிட்டது என்ற நிலையில் நீங்களோ நண்பரோ இருந்தால், தனியாகத் தவிக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் 24 மணி நேரமும் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது மொத்தத் தொகையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாதித் தொகையை மட்டும் சொன்னால், மீதியைப் பிடிக்க மறுபடியும் ஆடத்தான் தோன்றும்.

மற்றபடி, அடுத்த முறை டைமர் ஐந்து... நான்கு... என்று இறங்கும்போது, கட்டைவிரலை ஒரு விநாடி நிறுத்திக் கேளுங்கள்: ‘எதுக்காகப் போடுறேன்?’ பதில் வந்தால் போடுங்கள். வரவில்லையென்றால் செக்!